கடலுக்கு விட்ட வழி

அத்தியாயம் 14

தொண்ணூறாவது நாள் காலையில் அக்கா எல்லாருக்கும் முன்னால் எழுந்து, ஈரத் துணியும் சின்ன ஸ்டூலுமாகக் கடல் பார்த்த அறைக்குள் போனாள்.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் வருவார். அவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் குடும்பம் இந்த வீட்டிலேயே இருக்கலாம். போடாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் சுவர்களில் விரிசல் ஓடியபோது, பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அனுப்பிய மனிதர் அவர். சட்டைப் பையில் எப்போதும், தளம் மட்டமா என்று குமிழி காட்டும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். தம்பி அவருக்கு வைத்த பெயரே ரசமட்டம்தான். அவர் வீட்டை உடனே காலி செய்யச் சொல்லவில்லை. ஏழு விரிசல்களின் குறுக்கே ஏழு கண்ணாடிப் பட்டைகளை ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு முனையிலும் பிளாஸ்டர், நடுவில் விரல் நீளத்துக்குக் கண்ணாடி. சுவர் அசைந்தால் கண்ணாடி வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். தொண்ணூறு நாள் ஏழும் முழுசாக இருந்தால் விரிசல் பழசு, பயமில்லை. ஒன்று உடைந்தாலும் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழையும் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பை அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்கா கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

முதல் மூன்றையும் துடைத்தாள். நான்காவது பட்டை, துணி அலமாரிக்குப் பின்னால், நடு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அலமாரியை ஒரு சாண் நகர்த்தி, கையை உள்ளே விட்டுத் துணியால் தடவினாள்.

விரலில் சுருக்கென்றது.

கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடாக ரத்தம்.

அக்கா ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தாள். இன்ஜினியர் ஒட்டியவை பள்ளிக்கூட ஆய்வகங்களில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கிற கண்ணாடிகள். ஓரம் தேய்த்து மழமழவென்று இருக்கும். முதல் நாள் அவற்றை ஒவ்வொன்றாக அவரிடம் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அந்தக் கண்ணாடி கையை வெட்டாது.

இது அது இல்லை. யாரோ கண்ணாடி வெட்டுகிற சக்கரத்தால் அளந்து வெட்டி, புதுப் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, பிளாஸ்டர் காய்வதற்குள் அதில் பழையபடியே 4 என்று கீறி, பழைய தேதியையும் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் கண்ணாடி வெட்டுகிற ஆள் ஒருவன்தான். கீழ்த்தளத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் தம்பி.

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பதின்மூன்று கையெழுத்துகள். பத்தாவது வாரம், பதினோராவது வாரம் இரண்டும் நினைவுக்கு வந்தன. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவருகே நின்ற தம்பி, "நான் பாத்துட்டேன்க்கா. இந்த ரூம்ல நாலும் முழுசா இருக்கு. அவ இப்பதான் தூங்கினா, எழுப்பிடாதே" என்றான். அவள் வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

அலுவலகத்தில் பார்க்காத அளவை எழுதுகிற பையன்களை அவள் எத்தனை தரம் திட்டியிருக்கிறாள்.

கதவு திறந்தது. தம்பியின் மனைவி, தோளில் நாலு மாதக் குழந்தையோடு நின்றாள். பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பிரசவ விடுப்பில் இருக்கிறாள். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கண் முதலில் போனது விரலுக்குத்தான்.

"என்ன அண்ணி, கண்ணாடியா? ஆழமா இருக்கா?"

"ஒண்ணுமில்ல. இந்த டேப்போட ஒரு முனையைப் பிடிக்க முடியுமா? குழந்தையைக் கீழ விட வேண்டாம். ஒரு கை போதும்."

நர்ஸ் கேள்வி கேட்காமல் பிடித்தாள். கேட்டதை நீட்டிப் பழகிய கை.

அக்கா நடு ஜன்னலின் தேக்குச் சட்டத்தில், மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு அளந்தாள். பிறகு மறுபக்கம். நாலு மூலையும் சரியாக இருக்கிற ஜன்னலுக்கு இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்கும். போன வருஷம் அவளே இந்த வீட்டை அறை அறையாக அளந்து வரைந்தபோது இந்த ஜன்னலுக்கு இரண்டும் ஒரே அளவு. அதைப் பார்த்து, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தச்சனை மனசுக்குள் பாராட்டியிருக்கிறாள்.

இன்று பதினோரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

மறுபடி அளந்தாள். பதினொன்று.

"எவ்வளவு அண்ணி?"

"விரல் அகலத்துல பாதி."

"அது அதிகமா?"

அக்கா டேப்பைச் சுருட்டினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஏதோ இடம் மாறியிருந்தது. கடல் பக்கச் சுவரை ஒட்டி இருந்த தொட்டில், இப்போது எதிர்ப்பக்கம், படிக்கட்டுச் சுவரோரம் இருந்தது.

"தொட்டிலை எப்ப மாத்தினீங்க?"

"அவர்தான் மாத்தினார். ஒரு மூணு வாரம் இருக்கும். கடல் காத்து நேரா அடிக்குது, குழந்தைக்குச் சளி பிடிக்கும்னார். ஜன்னலை மூடினாப் போச்சுன்னு சொன்னேன், கேக்கல. ராத்திரி ஆபரேஷன் முடிச்சு வந்த டாக்டர் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு ஒத்தை ஆளாத் தூக்கி வெச்சார்."

மூன்று வாரம். பத்தாவது ஞாயிறு.

"நான் கீழ போய்ட்டு வரேன்" என்றாள் அக்கா. "நீ குழந்தையை எடுத்துக்கிட்டு சமையலறைப் பக்கம் இரு. இந்த ரூம்ல வேண்டாம்."

நர்ஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொட்டிலிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

இந்த வீட்டைக் கட்டிய கப்பல் வியாபாரி மேலே குடியிருந்தார், கீழே சரக்கு வைத்திருந்தார். தண்ணீரைப் பார்த்து ஐந்து வளைவுகள். படகு நேராக வளைவின் வாசலுக்கு வந்து நிற்கும். இரண்டடிச் செங்கல் சுவர். முன்சுவரும் பின்சுவரும் விலகாமலிருக்க முதல் மாடியின் உத்தரங்களோடு ஓடும் இரும்புக் கம்பிகள். அவற்றின் முனையைத் தாம்பாளம் அளவு இரும்புத் தட்டுகள் வெளிச்சுவரில் பிடித்துக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்தில் இடுப்பு உயரத்துக்குச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் தாங்கிகள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் அவற்றின் மேல் பலகை போட்டு அடுக்கினார்கள்.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய அப்பா, பாழாகிக் கிடந்த நிலையில் இதை வாங்கினார். சாவதற்கு முன் எழுதி வைத்தார். மேல்தளம் மகளுக்கு, கீழ்த்தளம் மகனுக்கு. கீழ்த்தளம் என்றால் ஈரம், பாசி, தினம் இரண்டு தடவை முழங்கால் வரை கடல் தண்ணீர். தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அக்காவை உறுத்தியது. அவளே உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் நுழைகிற ஓட்டைகளை அடைத்து, மூலையில் ஒரு குழி தோண்டி, பம்ப் வைத்து, இரண்டே மாதத்தில் கிடங்கைச் சருகு போல் காய வைத்தாள். தம்பியின் கடை அதற்கப்புறம்தான் வந்தது. தெருவில் யாரிடமும் அவன் பெருமையாகச் சொல்வான், "எங்க அக்கா கடலையே வெளிய நிக்க வெச்சுட்டா" என்று.

இப்போதும் பம்ப் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை.

தம்பி யாருடையதோ ஒரு பட்டமளிப்புப் படத்துக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தான்.

"வா, வா. ரசமட்டம் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம். மனுஷன் சிரிக்கவே மாட்டேங்குறார். அவர் சிரிச்சா குமிழி நடுவுல நிக்காது போல."

அக்கா விரலை நீட்டினாள்.

அவன் சிரிப்பு நின்றது. சட்டத்தைக் கீழே வைத்தான்.

"நாலாம் நம்பர்" என்றாள்.

"அக்கா, கேளு. அலமாரியை நகர்த்தினப்ப மூலை இடிச்சு ஒடைஞ்சிடுச்சு. என் தப்பு. அதைப் போய் அவர்கிட்ட சொன்னா நம்புவாரா? ஒடைஞ்சா வெளிய போன்னுதானே சொன்னார். அதான் ஒண்ணு வெட்டி ஒட்டினேன். எழுத்துகூட அவர் மாதிரியே கீறினேன்."

"அலமாரி இடிச்சு ஒடைஞ்சதா?"

"ஆமா."

"அப்ப தொட்டிலை ஏன் மாத்தின?"

அவன் கைகள் மேஜைமேல் இருந்தன. கண்ணாடித் தூள் படிந்த கைகள். அவற்றைத் துடைத்துக்கொண்டான். 

"ஜன்னலை அளந்தேன்டா. பதினோரு மில்லி சாஞ்சிருக்கு. சுவர் நடக்குது. உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குழந்தையை அந்தப் பக்கம் மாத்தி வெச்ச. உன் பெண்டாட்டிகிட்ட சளி பிடிக்கும்னு கதை விட்ட."

"சத்தம் போடாதே."

"நான் போடவே இல்ல."

"சரி, தெரியும். நேரா ரெண்டா விரிஞ்சு நின்னுச்சு கண்ணாடி.  ஆனா அக்கா, மூணு வாரம் ஆச்சு. புதுசா ஒட்டினது ஒடையல பாரு. நின்னுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

"மூணு வாரத்துல ஒடையலன்னா மெதுவா நடக்குதுன்னு அர்த்தம்."

"இன்னிக்கு அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் நாமளே ஒரு ஆளை வெச்சுப் பாப்போம். உனக்குத் தெரியாத இன்ஜினியரா? இப்ப சொன்னா பூட்டு போட்டுடுவான். கைக்குழந்தையோட எங்க போறது, சொல்லு."

"நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு." அவன் குரல் மாறியது. "பத்தாவது வாரமும் பதினோராவது வாரமும் நோட்டுல யார் கையெழுத்துன்னும் சேர்த்துச் சொல்லு."

அக்கா படியேறினாள்.

*

சரியாகப் பதினொரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிஷம் நின்றார். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். தம்பி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். நர்ஸ் கூடத்தில் குழந்தையோடு நின்றாள்.

நான்காவதின் முன் இன்ஜினியர் குனிந்தார். அலமாரி இடைஞ்சலாக இருந்தது. டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மின்னியது.

"முழுசா இருக்கு" என்றார்.

தம்பி மூச்சு விட்டது அக்காவுக்குக் கேட்டது.

ஐந்து, ஆறு, ஏழு முடிந்தது. இன்ஜினியர் கூடத்து மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "நோட்டைக் கொடுங்கம்மா. உங்க கையெழுத்துக்குக் கீழ என்னுது ஒண்ணு. அவ்வளவுதான்."

அக்கா நோட்டைக் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"ரெண்டு வாரம் நான் பாக்காமலே போட்டிருக்கேன் சார்" என்றாள். "நாலாம் நம்பர் நீங்க ஒட்டினது இல்ல. உங்களுது ஒடைஞ்சு போச்சு. இது மாத்தி ஒட்டினது."

 நர்ஸ் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அக்கா கோபத்தை எதிர்பார்த்தாள். இன்ஜினியர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "எப்ப ஒடைஞ்சது?" என்று தம்பியைக் கேட்டார்.

"மூணு வாரம் இருக்கும்."

"எப்படி? தூள் தூளாவா, ரெண்டாவா?"

"ரெண்டா. நடுவுல ஒரு நூல் இடைவெளி."

"அப்ப கண்ணாடி தன் வேலையைப் பாத்திருக்கு." எழுந்தார். "கடல் பக்கம் இறங்குது. ஏன் இறங்குதுன்னு தெரியணும். கீழ போகலாம்."

கடைக்குள் வந்ததும் அவர் நின்று காது கொடுத்தார். புதிதாக வருகிறவர் என்பதால் அவருக்கு மட்டும் அது கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"பம்ப் சார். தரைக்கடியில ஊறுற தண்ணியை எடுத்து வெளிய விடும்."

"போன தடவை நான் வந்தப்ப கேக்கலையே."

"அன்னிக்குக் கரண்ட் இல்ல."

"எத்தனை நாளா ஓடுது?"

"ரெண்டு வருஷம்."

அவர் கடல் பக்கச் சுவரின் அடியில் மண்டியிட்டார். வளைவுகளுக்குக் கீழே, தரையை ஒட்டி, முழங்கை அகலத்துக்கு மூன்று இடங்களில் செங்கல் வைத்து அடைத்துச் சிமெண்ட் பூசியிருந்தது.

"இந்த மூணு ஓட்டையை யார் அடைச்சது?"

 தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றாள் அக்கா. "வரைஞ்சு கொடுத்தது நான். அது பழைய சாக்கடை வழி. உள்ள கழுவுற தண்ணி கடலுக்குப் போறதுக்கு வெச்சது. அதுவழியா கடல் தண்ணி திரும்பி வந்துது. அதனால அடைக்கச் சொன்னேன்."

"சாக்கடைன்னு எப்படித் தெரியும்?"

"தரையோட தரையா, சுவர் அடியில, கடல் பக்கம் இருக்கு. வேற என்னவா இருக்கும்?"

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். அடைப்புக்கு அடியிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பழைய அடிக்கல்லின் மேல் வைத்தார். "பாருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.

அக்கா குனிந்தாள். குமிழி கடல் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

குமிழி உயரமான பக்கம் போகும். கடல் பக்கம் உயரம், உள்பக்கம் தாழ்வு. அவர் ரசமட்டத்தை இரண்டாவது கல்லுக்கு மாற்றினார். மூன்றாவதுக்கும். எல்லாவற்றிலும் அதேதான்.

"தண்ணி வெளிய போறதுக்கு வெச்சிருந்தா சரிவு கடலைப் பாத்து இருக்கும். கடல் பக்கம் இவ்வளவு இறங்கியும் இது இன்னும் உள்பக்கமாத்தான் சாயுது. கட்டினவன் செதுக்கும்போதே அப்படிச் செதுக்கியிருக்கான். இது தண்ணி உள்ள வர்றதுக்கு விட்ட வழிம்மா."

"எதுக்கு உள்ள வரணும்?" என்றான் தம்பி.

"இந்த வீடு எது மேல நிக்குது தெரியுமா? கல் மேல இல்ல, சேறு. சேத்துக்குள்ள மரத்தூணை வரிசையா இறக்கி, அது தலை மேல பலகை போட்டு, அதுக்கு மேல சுவரை எழுப்பியிருக்கான். மரம் எப்பவும் தண்ணிக்குள்ள இருந்தா எரநூறு வருஷம் ஆனாலும் மக்காது. தலையில காத்துப் பட்டாத்தான் மக்கும். அதான் கடலைக் கேட்டு உள்ள கூப்பிட்டிருக்கான். தரைக்கடியில எந்நேரமும் ஈரம். சரக்கை ஏன் தரையில வைக்காம இந்தத் தாங்கி மேல வெச்சான்? தண்ணி வரும்னு தெரியும். வரணும்னுதான் கட்டினான்."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அந்த வரைபடம் கண்முன் வந்தது. தெளிவான கோடுகள், அளவுகள், ஓரத்தில் அவளுடைய சிறு எழுத்து. எல்லாவற்றையும் அளந்தவள் அந்த மூன்று அடிக்கல்லில் மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டதாக நினைத்துவிட்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள். 

"மேல கடல் பார்த்த ரூமை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள காலி பண்ணுங்க. பம்ப்பை நிறுத்தணும். மூணு வழியையும் திறக்கணும். எத்தனை மரம் போச்சுன்னு தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா ஈரம் திரும்பி வந்தா மிச்சம் இருக்கறது நிக்கும்."

"இங்க பழையபடி தண்ணி ஏறுமா?" என்றான் தம்பி.

"கடல் ஏறும்போது ஒரு முழம். தினம் ரெண்டு தடவை."

தம்பி தன் கடையைச் சுற்றிப் பார்த்தான். மரம் அறுக்கும் மெஷின், அட்டைகள், சுவரோரம் அடுக்கிய சட்டங்கள், யார் யாருடையவோ கல்யாணப் படங்கள்.

"கீழ்த்தளம் உங்க பேர்ல இருக்கு" என்றார் இன்ஜினியர் அவனிடம். "நான் பலவந்தமாத் திறக்க முடியாது. சம்மதம்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரேன். எழுதிக் கொடுத்தா ஆளைக் கூட்டிட்டு வந்து திறக்கறேன். இல்லன்னா முழு வீட்டுக்கும் சீல். எனக்கு வேற வழி இல்ல."

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "போன வருஷம் இந்த வீட்டை அளந்து போட்டீங்களே, நல்ல வரைபடம்மா. எங்க அலுவலகத்துல பாத்தேன். இத்தனை சுத்தமா வரையறவங்க கம்மி."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

*

மதியம் முழுக்கப் பொருள்களை மாற்றினார்கள். கட்டில், அலமாரி, தொட்டில் எல்லாம் தெருப் பக்க அறைகளுக்குப் போயின. அக்காவும் தம்பியும் ஒரே மேஜையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். "பாத்து", "இந்தப் பக்கம்", "இறக்கு" தவிர வேறு பேச்சில்லை.

நாலு மணிக்குத் தம்பி கீழே போய்விட்டான். அக்கா பின்னாலேயே போனாள்.

"சரக்கையெல்லாம் மேல ஏத்திடலாம்டா. கூடத்துல இடம் இருக்கு. நானும் தூக்கறேன்."

"சரக்கைத் தூக்கலாம். கடையைத் தூக்க முடியுமா?"

"வேற இடம் பாக்கலாம்."

"யாருக்கு வேற இடம்? எனக்கு. உனக்கு இல்ல." அவன் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்திருந்தான். "நான் உன்னைக் கேட்டேனா? கிடங்கு ஈரமா இருக்கு, எனக்கு வேண்டாம்னு ஒரு நாளாவது சொன்னேனா? நீயா வந்தே. நீயா வரைஞ்சே. இங்க கடை வைடான்னு சொன்னதும் நீதான். இப்ப நீயே வந்து முழுகுடாங்கற."

"தப்பு என்னுதுதான். அதான் அவர் முன்னாடியே ஒத்துக்கிட்டேனே."

"நீ ஒத்துக்கிட்டே. முழுகறது நான்."

"கண்ணாடியை நீ மாத்தாம இருந்திருந்தா மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"ஆரம்பிச்சுட்டியா. மூணு வாரம் என்னுது, ரெண்டு வருஷம் உன்னுது. தராசு கொண்டு வரட்டுமா?"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸ் இறங்கி வந்தாள். தோளில் குழந்தை, கையில் துணிப் பை. இருவரையும் தாண்டி நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போய், பம்ப்பின் சுவிட்சை அணைத்தாள்.

கரண்ட் போன நாட்களைத் தவிர, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கிடங்கு நிசப்தமானது. வெளியே அலை கல்லில் மோதுவது, ஒரு படகின் கயிறு இழுபடுவது, எல்லாம் அறைக்குள் நடப்பது போல் கேட்டது.

"என்ன பண்ற நீ?" என்று எழுந்தான் தம்பி.

"எங்க தியேட்டர்ல டாக்டருங்க சண்டை போடுவாங்க. போடட்டும்னு நிப்போம். ஆனா ரத்தம் போய்க்கிட்டிருந்தா முதல்ல அதை அழுத்திப் பிடிச்சுட்டுத்தான் மத்த பேச்சு." அவள் குரல் உயரவில்லை. "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ஆட்டோ வந்தாச்சு."

"இதுக்குப் போய் அம்மா வீட்டுக்கா?"

"எதுக்குங்க? கடைக்கா? கடை போனா இன்னொண்ணு வரும். சுவர் ஒடையுதுன்னு உங்களுக்குத் தெரியும். குழந்தையைத் தள்ளிப் படுக்க வெச்சீங்க, சந்தோஷம். நான் அந்தச் சுவரோரக் கட்டில்லதானே மூணு வாரமாப் படுத்திருந்தேன்?"

 

"அண்ணி, விரலுக்கு மருந்து போட்டுக்கங்க. மேஜை மேல எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் நர்ஸ். தெருப் பக்க ஷட்டர் வழியாக வெளியே போனாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

அக்காவும் தம்பியும் நின்றார்கள். பம்ப் இருந்த குழியில் தண்ணீர் மெல்லக் கசியத் தொடங்கியிருந்தது.

தம்பி அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி பேசினான். கோபம் இல்லை.

"எழுதிக் கொடுக்கறேன்க்கா. கடலே வரட்டும். இது கடலுக்குன்னு கட்டின இடம்னா நான் என்ன பண்ண முடியும். ஆனா ஒண்ணு கேக்கறேன். மேல பாதியை எனக்கு எழுதிக் கொடுப்பியா?"

நியாயமான கேள்வி. அக்கா வாயைத் திறந்தாள்.

ஆனால் அவள் மனசு, கேட்டதும் கேட்காததுமாக, மேல்தளத்தின் வரைபடத்தை விரித்துவிட்டது. பிரிக்கிற கோட்டை எங்கே போடுவது? படிக்கட்டு நடுவில் இருக்கிறது. கூடத்தைக் குறுக்கே பிரித்தால் சமையலறை ஒரு பக்கம் போய்விடும். கிழக்கு மூலை அறை, வெளிச்சம் நேராக விழும் அந்த ஒரே அறை, அவளுடைய வரைபலகை இருக்கும் அறை, எந்தப் பாதியில் வரும்?

சில நொடிகள்தான் இருக்கும்.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசிலிருந்து பார்த்த முகம். அதில் இப்போது ஒரு கணக்கு ஓடுவதை அவன் பார்த்துவிட்டான்.

"போதும்க்கா" என்றான்.

"டேய், இரு. நான் யோசிச்சது வேற."

"யோசி. நாளைக்கு எட்டு மணி வரைக்கும் யோசி."

அவன் சுவிட்ச் போர்டுக்குப் போனான். அவள் தடுப்பாள் என்று ஒரு கணம் காத்திருந்தான் போலிருந்தது. பிறகு சுவிட்சைப் போட்டான். பம்ப் ஒருமுறை இருமி, ஓடத் தொடங்கியது.

"வெளிய போ. ஷட்டரை இறக்கணும்."

"கொடுக்கறேன்டா" என்றாள் அக்கா, தெருவுக்கு வந்த பிறகு. "பாதி இல்ல, எவ்வளவு வேணும்னாலும்."

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒரு நொடி நின்றன. பிறகு தகரம் தடதடவென்று தரையைத் தொட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.